ஒரே மரம், பதினாலு போட்டோ

போன ஞாயித்துக்கிழமை பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒழிச்சுப் போட உட்கார்ந்தேன். 'டஸ்கனி 2018'னு ஒரு ஃபோல்டர். திறந்தா வரிசையா ஒரே சைப்ரஸ் மரம். அதே மரம், அதே கோணம், அதே வெயில். எண்ணிப் பார்த்தேன், பதினாலு.

"ஏம்மா, ஒண்ணை வச்சுக்கிட்டு மிச்சத்தை அழிச்சுடவா?"ன்னு கேட்டேன். அடுப்படியிலேருந்து தங்கமணி குரல் மட்டும் வந்துச்சு: "அதுல ஒண்ணைக்கூடத் தொடக்கூடாது, ஆமா."

ஏன்னு சொல்லணும்னா கொசுவத்தியை நல்லா பெருசா சுத்தணும். பொறுமை இருக்கிறவங்க உட்காருங்க. இல்லாதவங்களுக்குக் கடைசியில கொஞ்சம் டிப்ஸ் இருக்கு, நேரா அங்க போயிடலாம் :-)

2016ல எனக்கு நெஞ்சுல ஒரு ஸ்டென்ட் வச்சாங்க. அதுல பெரிய வீரக்கதை எதுவும் இல்ல. ரெண்டு நாளா நெஞ்சு என்னவோ பண்ணுச்சு. வாயுத் தொல்லைன்னு நானே முடிவு பண்ணி, ஓமத்தண்ணி குடிச்சிட்டு ஆபீஸ்ல ஆணி புடுங்கப் போயிட்டேன். வீட்ல மூச்சு விடல. மூணாம் நாள் ஆபீஸ்லேருந்துதான் அவளுக்குப் போன் போச்சு. டாக்டர் அவகிட்ட, "ரெண்டு நாள் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா"ன்னு கேட்டாராம். அவ என்ன பதில் சொல்லியிருப்பா? அவளுக்கே அன்னிக்குத்தானே தெரியும்.

அதுக்கப்புறம் அவ என்னைத் திட்டவே இல்ல. அதுதான் எனக்கு உதைப்பா இருந்துச்சு. ராத்திரி முழிப்பு வந்தா அவளும் முழிச்சுக்கிட்டு படுத்திருப்பா. "தூங்கலையா?"ன்னு கேட்டா, "இப்பத்தான் முழிச்சேன்"ம்பா. ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் இப்பத்தான் முழிச்சிக்கிட்டு இருந்தோம்.

2018 செப்டம்பர்ல பையன் ஜெர்மனியில படிச்சிக்கிட்டிருந்தான். அவனைப் பார்க்கப் போற சாக்குல ஒரு வாரம் இத்தாலின்னு திட்டம். ரோம், வெனிஸெல்லாம் வேண்டாம், டஸ்கனி பக்கம் மலை மேல இருக்கிற சின்னச் சின்னப் பழைய ஊருங்களைச் சைக்கிள்லயும் நடந்தும் பார்க்கலாம்னு சொன்னது நான்தான். டாக்டர்கிட்ட கேட்டேன். "தாராளமா ஓட்டுங்க, மூச்சு வாங்கினா நிறுத்திடுங்க"ன்னார். தங்கமணி அப்ப வெளியில மருந்துக் கடை வரிசையில நின்னுக்கிட்டிருந்தா. அப்படித்தான் நான் நினைச்சேன்.

ஒண்ணு சொல்லிடறேன். நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். எங்க ஊர்ல மேடுன்னா அது வாய்க்கால் பாலம். மணிக்கு அம்பது காசு வாடகை சைக்கிள்ல குரங்கு பெடல் போட்டுப் பழகினவனுக்கு அந்தப் பாலம் ஏறினதே எவரெஸ்ட். அந்த அனுபவத்தை நம்பித்தான் டஸ்கனி போறேன், பாத்துக்கோங்க.

ஃப்ளாரன்ஸ்லேருந்து ரயில்ல போஜிபோன்சின்னு ஒரு ஊர்ல இறங்கினோம். அங்க சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, பேட்டரி வச்ச சைக்கிள் ரெண்டைத் தள்ளிக்கிட்டு வந்தார். நான் எனக்கு மட்டும் சாதா சைக்கிள் போதும்னுட்டேன். "நீங்களும் பேட்டரியே எடுங்களேன்"னு தங்கமணி ஒரே ஒரு தடவை சொன்னா. "அது சைக்கிளா, மொபெட்டு"ன்னேன். மறுபடி அவ வாயைத் திறக்கல.

முதல் நாள் இலக்கு சான் ஜிமின்யானோ. பன்னெண்டு கிலோமீட்டர் கூட இல்ல. போஜிபோன்சி இருக்கிறது எல்சா ஆத்துப் பள்ளத்தாக்குல, கடல் மட்டத்துலேருந்து நூத்திச் சொச்சம் மீட்டர். சான் ஜிமின்யானோ 324 மீட்டர். மேப்ல பார்த்தா சுண்டைக்காய். ரோட்டுல பார்த்தாத்தான் தெரியுது, ஒரு மேடு ஏறினா இன்னொரு பள்ளத்துல இறக்கிவிட்டு, ஏறினதையெல்லாம் திருப்பிப் பிடுங்கிக்குது.

இந்த ஊருங்க எல்லாம் ஏன் மலை உச்சியில போய் உட்கார்ந்திருக்குன்னு முதல் மேட்டுலயே ஒரு கோபம் வரும். காரணம் இருக்கு. பள்ளத்துல சதுப்பு நிலம், கொசு, மலேரியா. மலேரியாங்கிற வார்த்தையே இத்தாலிக்காரங்க குடுத்ததுதான், 'கெட்ட காத்து'ன்னு அர்த்தம். அப்புறம் படையெடுப்பு. எவன் வர்றான்னு மேலேருந்து பார்த்தா ஒரு நாள் முன்னாடியே தெரிஞ்சுடும். பழைய வழிப்பாதைகளும் பள்ளத்தை விட்டுட்டு மேட்டு முதுகோடவே போனதால ஜனங்க மேலயே வீடு கட்டிக்கிட்டாங்க. எதிரிக்குக் கஷ்டம் குடுக்கணும்னு கட்டின ஊரு. எண்ணூறு வருஷம் கழிச்சு ஒரு தஞ்சாவூர்க்காரனுக்கும் அதே கஷ்டத்தைக் கொறை வைக்காம குடுக்குது.

ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், அறுவடை நேரம். நடுநடுவே ஆலிவ் மரம், இலை திரும்பினா வெள்ளி மாதிரி மின்னுது. தூரத்துல ஒரு குன்று மேல சான் ஜிமின்யானோ கோபுரங்க, யாரோ பென்சில் டப்பாவைத் திறந்து வச்ச மாதிரி. பார்க்கப் பக்கமா இருக்கு, ஆனா வரவே மாட்டேங்குது.

இதுல தங்கமணி பின்னாலேருந்து கேள்வி மேல கேள்வி. "ஏங்க, இது என்ன மரம்?" "அந்த வீட்ல ஆளு இருக்குமா?" "இங்க ஆடு மாடெல்லாம் எங்க கட்டுவாங்க?" "காலையில மாத்திரை போட்டீங்கல்ல?" "நம்ம கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரர் பேரு என்ன?" எனக்கு மூச்சு இழுக்குது, நாதஸ்வரக்காரர் பேரைக் கேக்கறா! நடுவுல எழுபது வயசுத் தாத்தாக்கள் கலர் கலரா சட்டை போட்டுக்கிட்டு, "சாவ்"னு ஒரு குரல் குடுத்துட்டு எங்களைத் தாண்டிப் போறாங்க.

கடைசி மேட்டுக்கு முன்னாடி ஒரு வளைவு. அங்க அவ இன்னொரு கேள்வி கேட்டா. என்ன கேள்வின்னு இப்ப ஞாபகம் இல்ல. நான் கத்தினது மட்டும் ஞாபகம் இருக்கு. "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு முன்னாடி போயேன்!"

அவ ஒண்ணும் பேசாம பேட்டரியை ஏத்திக்கிட்டுப் போயிட்டா.

வளைவுல ஒரு சைப்ரஸ் மரம். அந்த நிழல்ல நான் நின்னேன்.

*

சாயங்காலம் அஞ்சரை மணிக்கு மேல சான் ஜிமின்யானோ வேற ஊரா மாறிடுது. பகல்ல பஸ் பஸ்ஸா வந்த கூட்டம் கிளம்பிப் போயிடும். ராத்திரி தங்கறவங்களுக்குத்தான் ஊர் தன்னைக் காட்டும். ஊருக்கு நடுவுல முக்கோண மாதிரி ஒரு சதுக்கம், அதுல ஒரு கிணறு. பதிமூணாம் நூற்றாண்டுக் கிணறு. சுத்துக் கல்லு விளிம்புல கயிறு இழுத்து இழுத்துத் தேஞ்ச பள்ளம் பள்ளமா தடம். கோபுரத்தைவிட எனக்கு அதுதான் பிடிச்சுது. எங்க பாட்டி வீட்டுக் கிணத்துலயும் அதே தடம் உண்டு. ராஜா கட்டினது கோபுரம், பொம்பளைங்க தேச்சது கிணறு.

கோபுரக் கதை இன்னும் சுவாரசியம். ஊர் செழிப்பா இருந்த காலத்துல 72 கோபுரம் இருந்ததாச் சொல்றாங்க. இன்னிக்கு மிச்சம் பதினாலோ என்னவோ. சாமி கோபுரம் இல்லீங்க, ஒவ்வொண்ணும் ஒரு பணக்காரக் குடும்பத்தோடது. அடுத்த தெருக்காரன் நாப்பது மீட்டர் கட்டினா நான் நாப்பத்தஞ்சு. உள்ள வசதியா குடியிருக்கக்கூட முடியாது, அவ்வளவு குறுகல். உள்ளூர்ச் சண்டை வந்தா ஏறிக் கதவடைச்சுக்கலாம், மத்த நாள்ல ஜம்பம். இந்தப் போட்டி தாங்காம, ஊர் மன்றத்துக் கோபுரத்தைவிட உயரமா எவனும் கட்டக்கூடாதுன்னு 1255ல சட்டமே போட்டாங்க. அப்புறம் மன்றமே 1311ல 54 மீட்டருக்கு ஒரு பெரிய கோபுரம் கட்டி முடிச்சு வாயடைச்சுது. அந்தக் கோபுரத்துல இப்பவும் ஏறலாம். முப்பத்தேழு வருஷம் கழிச்சு, 1348ல, கொள்ளைநோய். ஊர் பாதி காலி. 1353ல ஃப்ளாரன்ஸுக்குக் கீழ அடங்கிடுச்சு. அதுக்கப்புறம் புதுசா கட்டக் காசு இல்ல, இடிச்சுக் கட்டவும் காசு இல்ல. அதனாலதான் ஊர் அப்படியே நின்னுபோய் 1990ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறியிருக்கு.

இதையெல்லாம் கிணத்துப் படியில உட்கார்ந்து நான் விளக்கிக்கிட்டிருந்தேன். தங்கமணி கேட்டுட்டு, "ஆம்பளைங்க ஜம்பத்துக்கு ஒரு ஊரு"ன்னா. அப்புறம் கையை நீட்டி, "கேமராவைக் குடுங்க"ன்னா.

குடுத்தேன். ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டே வந்தா. மரம், மரம், மரம். மேல நான் சேர்ந்தப்ப, "ஏன் இவ்வளவு நேரம்?"னு கேட்டதுக்கு, "போட்டோ எடுத்துக்கிட்டிருந்தேன்"னு சொல்லியிருந்தேன். பொய் இல்ல, எடுத்தேன்தான்.

"முதல் போட்டோ 11:42. கடைசி 11:54. பன்னெண்டு நிமிஷம் ஒரே மரம்"னா. குரல்ல கோபம் இல்ல. கணக்குப் பார்க்கிற குரல். "மூச்சு முட்டிச்சா?"

"லேசா."

"மறுபடியும் ஓமத்தண்ணியா?"

ரெண்டு வருஷமா சொல்லாததை அந்த ஒரே வார்த்தையில சொல்லிட்டா. எனக்குப் பதில் வரல.

அப்புறம்தான் சொன்னா. நான் டாக்டர் ரூம்லேருந்து வெளிய வந்தப்புறம் அவ தனியா உள்ள போயிருக்கா. "மூச்சு வாங்கினா நிறுத்தணும்னு இவர்கிட்ட சொன்னா இவரு எங்க நிறுத்துவாரு, எனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டிருக்கா. டாக்டர் சொன்ன வழி ரொம்ப சுலபம். பேசிக்கிட்டே ஓட்ட முடியணும். முழு வாக்கியமா பதில் வந்தா பரவாயில்ல. ஒத்தை வார்த்தையா வந்தா வேகத்தைக் குறைக்கணும். பதிலே வரலைன்னா நிறுத்தணும்.

"அதுக்குத்தாங்க கேட்டுக்கிட்டே வந்தேன். நாதஸ்வரக்காரர் பேரு எனக்குத் தெரியாதா?"

சதுக்கத்துல விளக்கு போட ஆரம்பிச்சாங்க. நான் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி மேல பார்த்துக்கிட்டிருந்தேன்.

*

மறுநாள் சைக்கிளை மாத்திக்கிட்டோம். பேட்டரி எனக்கு. சாதா சைக்கிள் அவளுக்கு. அவ மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துலேருந்து தினம் அஞ்சு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு ஸ்கூலுக்குப் போனவ. அதை நான் மறந்தே போயிருந்தேன். மேடு வந்தா இறங்கித் தள்ளினா, எந்தக் கூச்சமும் இல்லாம. தள்ளறதுக்கு வெட்கப்படாதவங்களுக்கு டஸ்கனியில எந்த ஊரும் எட்டாத ஊர் இல்ல.

அன்னிக்குப் பாதி வழி 'வெள்ளை ரோடு'. தார் இல்லாத சுண்ணாம்புச் சரளை ரோடு. இந்தப் பக்கத்துக்கே உரிய சமாச்சாரம். எல்லாத்துக்கும் தார் போட்டுடுவாங்களோன்னு பயந்து, 1997ல காயோலேங்கிற ஊர்ல பழைய காலத்துச் சைக்கிள்லயே ஓட்டற ஒரு விழாவை ஆரம்பிச்சாங்க. பேரு 'எரோய்க்கா'. 2007லேருந்து பெரிய தொழில்முறைப் பந்தயமும் இந்தச் சரளை ரோட்ல நடக்குது. புழுதிக்கே ஒரு பெருமை வந்துடுச்சு. அதுல இறக்கத்துல மட்டும் முன் பிரேக்கை அழுத்திப் பிடிச்சுடாதீங்க. சக்கரம் வழுக்கிக்கிட்டு ஓடும். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, முழங்கை இன்னும் சாட்சி சொல்லும்.

டஸ்கனியில சைக்கிள் ஓட்டிட்டு ஜீனோ பார்த்தாலியைச் சொல்லாம வந்தா பாவம். ஃப்ளாரன்ஸ் பக்கத்துக்காரர். 1938லயும் 1948லயும் டூர் த ஃப்ரான்ஸ் ஜெயிச்சவர். நடுவுல பத்து வருஷ இடைவெளி, காரணம் யுத்தம். அந்த யுத்த காலத்துல, பயிற்சிக்கு ஓட்டறதா பேர் பண்ணிக்கிட்டு, சைக்கிள் குழாய்க்குள்ள போலி அடையாளச் சீட்டுங்களைச் சுருட்டி வச்சு ஃப்ளாரன்ஸுக்கும் அசிசிக்கும் நடுவே கொண்டுபோய்க் கொடுத்திருக்கார். அந்தக் காகிதத்தால நாஜிகள் கையில சிக்காம தப்பிச்ச யூதக் குடும்பங்க நிறைய. உயிரோட இருந்த வரைக்கும் அதைப் பத்திப் பெருசா வாயே திறக்கல. 2000ல இறந்துட்டார். இஸ்ரேலோட யாத் வஷேம் 2013லதான் அவரை கௌரவிச்சுது. அவரு மத்தவங்க உயிருக்காக சைக்கிள்ல மறைச்சார். நான் எதுக்காக மறைச்சேன்னு யோசிச்சுக்கிட்டே ஓட்டினேன். பேட்டரி இருந்ததால யோசிக்க முடிஞ்சுது.

வழியில கோல்லே தி வால் தெல்சான்னு ஒரு ஊர். கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பேர்போனது. கீழ் ஊர், மேல் ஊர்னு ரெண்டு. கீழேருந்து மேல போக ஊர்க்காரங்க லிஃப்ட் வச்சிருக்காங்க! பாறையைக் குடைஞ்சு லிஃப்ட். தங்கமணி அந்த ஊர் நகராட்சிக்கு நூறு வருஷம் ஆயுசுன்னு ஆசீர்வாதம் பண்ணிட்டா.

சாயங்காலம் மோன்தெரிஜோனி. இதை ஊர்னு சொல்றதைவிட மதில்னு சொல்லலாம். சியேனாக்காரங்க ஃப்ளாரன்ஸைத் தடுக்க 1213லேருந்து 1219க்குள்ள கட்டின காவல் கோட்டை. குன்று மேல வட்டமா ஒரு மதில், சுத்தளவு 570 மீட்டர், அதுல பதினாலு கோபுரம். தாந்தே தன்னோட நரகக் காண்டத்துல அரக்கர்களை இந்தக் கோபுரங்களோட ஒப்பிட்டிருக்கார். உள்ள போனா பத்து நிமிஷத்துல ஊர் முடிஞ்சுடும். மதில் மேல ஏறி நடக்கலாம். அத்தனை வருஷம் தாங்கின கோட்டை 1554ல சண்டையே இல்லாம எதிரி கைக்குப் போச்சு. உள்ள இருந்த தளபதியே சாவியைக் குடுத்துட்டார். மதில் பலமா இருந்து என்ன, உள்ள இருக்கிறவன் சரியா இருக்கணும்ல.

ராத்திரி தங்கினது கோட்டைக்கு வெளியில ஒரு பண்ணை வீடு. கல் வீடு, கீழ்த்தளம் முன்னாடி மாட்டுத் தொழுவம். வீட்டுப் பாட்டி, பேத்தியை மொழிபெயர்க்க வச்சுக்கிட்டு, பேசிக்கிட்டே இருந்தாங்க. அவங்க அப்பா நிலச் சொந்தக்காரர் இல்லையாம், 'மெத்ஸத்ரோ'வாம். அதாவது பாதி வாரம். நிலம் முதலாளியோடது, உழைப்பு குடும்பத்தோடது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. டஸ்கனியில பல நூற்றாண்டா இதுதான் முறை. நாம கண்ணுல ஒத்திக்கிற இந்தத் தனித்தனிக் கல் வீடு, ஆலிவும் திராட்சையும் கோதுமையும் கலந்து போட்ட வயல் எல்லாம் அந்த முறை விட்டுட்டுப் போன மிச்சம்தான். யுத்தத்துக்கு அப்புறம் இளவட்டமெல்லாம் ஃபேக்டரிக்கு ஓடிடுச்சு. 1964ல புது வார ஒப்பந்தத்துக்குச் சட்டம் தடை போட்டுது. வீடெல்லாம் காலி. 1985ல பண்ணை வீட்ல விருந்தாளி தங்க வைக்கத் தனிச் சட்டம் வந்துது. இன்னிக்கு நாம போஸ்ட் கார்டு மாதிரி பார்க்கிறது, ஒரு காலத்துல கணக்கப்பிள்ளை மூட்டை எண்ணின களம். தஞ்சாவூர்க்காரனுக்கு இது புரிய மொழிபெயர்ப்பே தேவையில்ல.

சாப்பாடு? தங்கமணி சைவம். பயந்துக்கிட்டே போனோம். ஆனா ஏழைங்க சமையல் எந்த ஊர்லயும் சைவத்துக்குப் பக்கத்துலதான் இருக்கும். 'ரிபொல்லிதா'ன்னு பழைய ரொட்டி, பீன்ஸ், கீரை போட்டுக் கொதிக்க வச்ச கூழ். 'பிச்சி'ன்னு கையாலயே உருட்டின தடி நூடுல்ஸ், பூண்டு தக்காளிச் சாறுல. ரெண்டும் அமிர்தம். ரொட்டியில மட்டும் உப்பே போட மாட்டாங்க, அது டஸ்கனி வழக்கம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு முணுமுணுத்துக்கிட்டே தங்கமணி பையிலேருந்து ஆவக்காயை எடுத்தா. பாட்டிக்கும் ஒரு துளி வச்சா. பாட்டி கண்ணுல தண்ணி. ஆனா இன்னொரு துளி கேட்டாங்க.

*

மூணாம் நாள் நடை. சைக்கிளைக் கடைக்காரர் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டார். மோன்தெரிஜோனியிலேருந்து சியேனாவுக்கு 20 கிலோமீட்டர். பாதை புதுசு இல்ல. 'வியா ஃப்ரான்சிஜேனா', இங்கிலாந்துலேருந்து ரோமுக்குப் போற யாத்திரைப் பாதை. 990ல கான்டர்பரி ஆர்ச்பிஷப் சிகெரிக் ரோம் போயிட்டுத் திரும்பறப்ப எந்தெந்த ஊர்ல தங்கினார்னு எழுதி வச்ச பட்டியல்தான் இந்தப் பாதைக்கு ஆதாரம். நம்ம ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்து அஞ்சு வருஷம் ஆன சமயம், பெரிய கோயில் இன்னும் எழும்பல. இங்க ஒருத்தர் நடந்து நடந்து ஊர்ப் பேரை எழுதிக்கிட்டிருந்திருக்கார். வழியெல்லாம் சிவப்பு வெள்ளைக் கோடு, மூட்டை தூக்கின ஒரு குட்டி யாத்திரிகர் படம். தொலைஞ்சு போக முடியாது.

ஓக் மரக் காடு, உழுது போட்ட களிமண் வயல், ஒரு ஒதுக்குப்புறச் சின்னக் கோட்டை, நாய் குரைக்கிற பண்ணை. சைக்கிள்ல கண்ணுல படாதது நடக்கறப்ப படும். எறும்பு வரிசை, காட்டுப்பன்னி தோண்டின குழி, யாரோ வேலி மேல காயப் போட்ட சாக்ஸ். மனுஷன் ஒழுங்கா பேசணும்னா இந்த வேகம்தான் சரின்னு தோணுச்சு.

பாதி வழியில ஒரு கல்லுல உட்கார்ந்து தண்ணி குடிச்சோம். அப்பத்தான் மிச்சத்தையும் சொன்னேன். அந்த மரத்தடியில மூச்சு மட்டும் இல்ல, இடது தோள்ல ஒரு இழுப்பு இருந்துச்சு. பையோட வார் அழுத்தினதா, வேற எதாவதான்னு எனக்குத் தெரியல. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். போட்டா நீ கண்டுபிடிச்சுடுவேன்னு போடல. மேலேருந்து நீ திரும்பிப் பார்த்தா நான் சும்மா நிக்கலன்னு தெரியணும்னு கேமராவைக் கண்ணுல வச்சு அமுக்கிக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு. அவ்வளவுதான்.

நான் எதிர்பார்த்தது அழுகை, இல்ல திட்டு. ரெண்டும் இல்ல. எழுந்து நடக்க ஆரம்பிச்சா. நான் பின்னால. ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை இல்ல. சரளை மிதிபடற சத்தம் மட்டும். அந்த ஒரு மணி நேரம் மாதிரி நீளமான பாதையை நான் வாழ்க்கையில நடந்ததில்ல. கேள்வி கேக்காத தங்கமணியோட நடக்கறது எப்படி இருக்கும்னு அன்னிக்குத் தெரிஞ்சுது.

ஒரு மேட்டுல எனக்கு முன்னால போனவ நின்னா. திரும்பாமலே கேட்டா.

"ஏங்க, இது என்ன மரம்?"

"ஓக். கருவேலம் இல்ல, இங்கத்திய ஓக். கொட்டையைப் பன்னி தின்னும். மேடு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, இங்க ரெண்டு நிமிஷம் நிக்கலாமா?"ன்னேன். முழு வாக்கியம். நிக்கலாமான்னு நானா கேட்டது அதுதான் முதல் தடவை.

"நிக்கலாம்"னா.

சாயங்காலம் சியேனா, கமோலியா வாசல். வாசல் மேல லத்தீன்ல ஒரு கல்வெட்டு. இந்த வாசலைவிட அகலமா சியேனா தன் நெஞ்சை உனக்குத் திறக்குதுன்னு அர்த்தமாம். 1604ல மெடிச்சி பிரபு வந்தப்ப வரவேற்பா எழுதினது. அம்பது வருஷம் முன்னாடி சியேனாவைப் பட்டினி போட்டுப் பிடிச்ச குடும்பம் அது! நெஞ்சு திறந்துதோ இல்லையோ, வேற வழியில்ல. அர்த்தத்தைச் சொன்னேன். "உங்களுக்கு ஏற்கெனவே திறந்து வச்சாச்சு, உள்ள போங்க"ன்னா.

மறுநாள் கேம்ப்போ சதுக்கத்துல இருக்கிற ஊர் மாளிகையில அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338-39ல வரைஞ்ச சுவர்ச் சித்திரம் பார்த்தோம். நல்ல ஆட்சி, கெட்ட ஆட்சி. நல்ல ஆட்சிப் பக்கத்துல ஊர் வாசலுக்கு வெளிய நாங்க மூணு நாளா அலைஞ்ச அதே குன்று, அதே திராட்சை, அதே ரோடு. ஒருத்தன் பன்னி ஓட்டிக்கிட்டு வர்றான், கழுதை மேல மூட்டை போகுது. மேல இறக்கையோட ஒரு பெண் பறக்கறா. பேரு பாதுகாப்பு. ஒரு கையில தூக்குமரம், இன்னொரு கையில ஒரு ஓலை: எல்லாரும் பயமில்லாம வழி நடக்கலாம்ங்கிற மாதிரி செய்தி.

வரைஞ்சு பத்து வருஷத்துக்குள்ள கொள்ளைநோய் வந்துடுச்சு. லொரென்செத்தியும் அந்த 1348லதான் செத்திருக்கணும்ங்கறாங்க. 1339ல பெருசாக்க ஆரம்பிச்ச கதீட்ரல் அப்படியே நின்னுபோச்சு. கூரையில்லாத அந்தச் சுவர் இன்னிக்கும் ஊர் நடுவுல மொட்டையா நிக்குது. பயமில்லாம நடக்கலாம்னு சுவர்ல எழுதி வச்சதால எந்த உத்தரவாதமும் இல்ல. ஆனாலும் எழுதி வச்சிருக்காங்க.

தங்கமணி அந்தப் பறக்கிற பெண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தா. "கையில என்னாது, தூக்குமரமா? எங்கிட்ட மாத்திரை டப்பாதான் இருக்கு"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டா.

இப்ப காலையில நடக்கப் போறப்ப கேள்வி கேக்கறது நானும் உண்டு. அவளுக்கும் முழங்கால் வலி வந்தாச்சு. பதில் ஒத்தை வார்த்தையா வந்தா பெஞ்சு தேடிடுவேன். பதினாலு போட்டோவும் இன்னொரு டிஸ்க்லயும் காப்பி பண்ணியாச்சு.

போறவங்களுக்குக் கொஞ்சம் டிப்ஸ்:

1. ஏப்ரல்-மே, இல்லைன்னா செப்டம்பர் கடைசி. ஜூலை, ஆகஸ்ட்ல வெயில் நம்ம ஊரைத் தோக்கடிக்கும்.

2. உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினா, ஏறும் முன்னாடி ஸ்டேஷன் மெஷின்ல முத்திரை குத்துங்க. மறந்தா அபராதம்.

3. மத்தியானம் ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் சின்ன ஊர்ல கடை பூட்டிடுவாங்க. தண்ணி, பழம் காலையிலயே வாங்கிடுங்க.

4. கார் எடுத்துக்கிட்டுப் போறவங்க மதிலுக்குள்ள நுழையாதீங்க. கேமரா பிடிச்சு, வீடு தேடி ஃபைன் வரும். சைக்கிளுக்கும் காலுக்கும் அந்தக் கவலை இல்ல.

5. பேட்டரி சைக்கிள் எடுங்க. அது மொபெட்டு இல்ல.

டிஸ்கி: நாதஸ்வரக்காரர் பேரு எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வரல. அவளுக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கறா.